குழாய்த் தண்ணீரில் பாஷாணம்

வங்காளத்து மண்ணில் பல வருஷங்களாக நடந்து வரும் ஒரு கொடுமையைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம். பஞ்சம் அல்ல, வெள்ளம் அல்ல, கலகமும் அல்ல. தண்ணீர்! காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் அடிபம்புக்குப் போகிறார்கள். தெளிந்த தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், வாடை இல்லாத தண்ணீர் வருகிறது. அதில் பாஷாணம் இருக்கிறது.

நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எலியைக் கொல்ல நம் ஊர்க் கடைகளில் ஒரு காலத்தில் விற்ற வெள்ளைப் பாஷாணம், நாட்டு வைத்தியர்கள் பயந்து பயந்து புடம் போடும் தாளகம், மனோசிலை ஆகியவற்றில் உள்ள அதே விஷப் பொருள்தான். விஞ்ஞானிகள் அதை ஆர்செனிக் என்கிறார்கள். ஒரு ஜனத்தொகை மொத்தமாக விஷமூட்டப்பட்ட சம்பவங்களில் சரித்திரத்திலேயே மிகப் பெரியது இதுதான் என்று 2000-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் ஆலன் ஸ்மித் முதலிய ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். போபாலையும் செர்நோபிலையும் விடப் பெரிது என்றார்கள். வங்கதேசத்தின் அன்றைய 12.5 கோடி ஜனங்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர் வரை அபாயத்தில் இருந்தார்கள் என்பது அவர்கள் கணக்கு. போபால் ஒரே இரவில் நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. இது பத்து வருஷம், இருபது வருஷம் என்று சொட்டுச் சொட்டாக நடப்பது. அதனால் பத்திரிகை முதலாளிகளுக்கு இதில் சேதி இல்லை.

கோவையிலும் திருப்பூரிலும் மில்லில் நிற்கிறவர்களுக்கும், தஞ்சையில் நாற்றுப் பறிக்கிறவர்களுக்கும் இந்த வங்காளத்துச் சேதி எதற்கு என்று சிலர் கேட்கலாம். பதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் விஷயம் என்ன என்பதைத் தோழர்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1970-ம் வருஷங்களின் தொடக்கம் வரையில் வங்கதேசத்துக் கிராமவாசி பெரும்பாலும் குளத்துத் தண்ணீரைத்தான் குடித்தான். அதே குளத்தில் மாட்டைக் குளிப்பாட்டினார்கள், துணி துவைத்தார்கள். மழைக் காலத்தில் ஊர்க் கழிவெல்லாம் அதில்தான் இறங்கியது. வாந்தி பேதி வந்தால் வீட்டுக்கு வீடு சாவு. வருஷத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் குழந்தைகள் தண்ணீரால் வரும் நோய்களில் செத்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் ஸ்தாபனமான யூனிசெப்பும், அந்நாட்டுச் சர்க்காரின் பொது சுகாதாரப் பொறியியல் இலாகாவும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தன. குளத்தை விடு, குழாயை இறக்கு!

அந்த வண்டல் பூமியில் குழாய்க் கிணறு போடுவது சுலபம். பாறையை உடைத்து இறங்க வேண்டிய நம் சேலத்து மண் அல்ல அது. மூங்கில் சாரம் கட்டி, நாலைந்து ஆட்கள் கையாலேயே குழாயை ஏற்றி இறக்கிச் சேற்றை வெளியே தள்ளி, சீக்கிரத்தில் கிணற்றை முடித்துவிடுகிறார்கள். ஐம்பது அடி, நூறு அடி, நூற்றைம்பது அடியில் தண்ணீர் வந்துவிடுகிறது. முதலில் சர்க்கார் போட்டது. பிறகு ஜனங்களே கடனோ உடனோ வாங்கித் தங்கள் முற்றத்தில் போட்டுக்கொண்டார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் 80 லட்சம், ஒரு கோடி என்று கிணறுகள் பெருகிவிட்டன. கிராம ஜனங்களில் நூற்றுக்கு 97 பேருக்கு நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டோம் என்று அதிகாரிகள் மார்தட்டினார்கள்.

இந்தக் கிணறுகளைப் போட்டதே சதி என்று நாம் சொல்ல மாட்டோம். பேதியில் குழந்தையைப் பறிகொடுத்த தாய் அப்படிப் பேச மாட்டாள். குழாய்க் கிணறு பல உயிர்களைக் காத்தது. ஆனால் குழாயை இறக்கியவர்கள் வந்த தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்களா? கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. வழக்கு இங்கே ஆரம்பிக்கிறது.

விஷம் எங்கிருந்து வந்தது? இந்தப் பிரதேசத்தில் பெரும்பாலும் எந்த ஆலையும் கொட்டியதல்ல அது. இயற்கையாகவே மண்ணில் உள்ளது. இமயமலைப் பாறைகள் தேய்ந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சுமந்து வந்து கொட்டிய வண்டலில் ஒவ்வொரு மணலின் மேலும் இரும்புத் துருப் பூச்சு உண்டு. ஆர்செனிக் அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டியிருக்கும் வரை தொந்தரவில்லை. ஆனால் வண்டலோடு இலை தழைகளும் மட்கும் புதைந்திருக்கின்றன. காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அந்த மட்கைத் தின்று வாழும்போது இரும்புத் துருவையும் கரைத்துவிடுகின்றன. துரு கரைந்தால் அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது.

இதில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். வாய் அகன்ற பழைய வெட்டுக் கிணற்றில் காற்றுப் படுவதால் விஷம் பொதுவாகக் குறைவு. ஐந்நூறு அடிக்குக் கீழே உள்ள பழைய மணல் அடுக்கிலும் பெரும்பாலும் இல்லை. நடுவில் உள்ள அடுக்கில்தான் அதிகம். அதாவது, ஏழையின் கைக்காசுக்கு எட்டும் ஆழம் எதுவோ அங்கேதான் விஷம். ஐந்நூறு அடி இறக்கப் பணம் உள்ளவன் தப்பித்துக்கொள்ளலாம்!

இந்த விஷத்துக்கு நிறமில்லை, ருசியில்லை, வாடையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட விஷத்தின் அளவு கூடத்தான் செய்யும். ஒரு வீட்டுக் கிணற்றில் இருக்கும். பத்து கெஜம் தள்ளிப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் இருக்காது. ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதித்தால்தான் தெரியும். கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ எந்தக் கிழவனும் கண்டுபிடிக்க முடியாது. இங்கே ஜனங்களின் அனுபவ ஞானம் உதவாது. சோதனைச் சாலை வேண்டும். சோதனைச் சாலையை வைத்திருப்பது சர்க்கார்.

உலக சுகாதார ஸ்தாபனம் 1993-ல் விதித்த எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் பத்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து லாரித் தண்ணீருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம் ஆர்செனிக். அதுதான் எல்லை. வங்கதேசம் இன்னும் 50 மைக்ரோகிராம் என்ற பழைய எல்லையையே வைத்துக்கொண்டிருக்கிறது. பல கிணறுகளில் இந்தப் பழைய எல்லையையும் பல மடங்கு தாண்டி நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் இருந்தது.

இந்த எல்லையின் கணக்கிலேயே ஒரு வர்க்கப் பிரச்னை ஒளிந்திருக்கிறது. ஒரு மனிதன் நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குடிப்பான் என்று வைத்துக்கொண்டுதான் உலக சுகாதார ஸ்தாபனம் இந்த மாதிரிக் கணக்குகளைப் போடுகிறது. விசிறியின் கீழே உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அது சரி. சித்திரை வெய்யிலில் களத்தில் நிற்கிறவன் இரண்டு லிட்டரோடு நிறுத்துவானா? நாலு, ஐந்து லிட்டர் குடிக்கிறான். அதே கிணறு, அதே தண்ணீர். ஆனால் விவசாயத் தொழிலாளியின் உடம்பில் இரண்டு மடங்கு விஷம். இதோடு தீர்ந்ததா? கோடையில் போரோ நெல் சாகுபடிக்கு அதே ஆழத்துக் குழாய்க் கிணறுகளிலிருந்துதான் தண்ணீர் இறைக்கிறார்கள். ஆர்செனிக் வயலில் சேர்கிறது, அரிசியில் ஏறுகிறது. நல்ல தண்ணீரில் தாராளமாக வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் ஒரு பகுதி போகும் என்கிறார்கள். கெட்ட தண்ணீரில் வேகவைத்தால் சோற்றில் விஷம் இன்னும் ஏறும். வடித்த கஞ்சியைக் குடிப்பது யார் என்பதை நாம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விஷம் உடனே ஆளைக் கொல்வதில்லை. பல வருஷங்கள் குடித்த பிறகு மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தது போல் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் தோன்றுகின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, ஆணி போல் முடிச்சு முடிச்சாகின்றன, வெடித்துப் புண்ணாகின்றன. கலப்பைப் பிடியைப் பிடிக்க முடியாது. வரப்பில் நடக்க முடியாது. கையும் காலும்தான் கூலிக்காரனின் மூலதனம். விஷம் முதலில் அதைத்தான் தாக்குகிறது. பிறகு தோலிலும் நுரையீரலிலும் மூத்திரப் பையிலும் புற்றுநோய் வருகிறது. இருதயம் கெடுகிறது. இதற்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. தண்ணீரை மாற்ற வேண்டும். நல்ல சாப்பாடு வேண்டும். நோய் வந்த கூலிக்காரனுக்கு இந்த இரண்டுமே எட்டாதவை.

தொத்து நோய் அல்ல இது. ஆனாலும் தொழுநோய் என்று நினைத்து ஒதுக்கினார்கள். கையில் முடிச்சு வந்த மனைவியைத் தாய் வீட்டுக்கு விரட்டியவர்கள் உண்டு. பெண்களுக்குக் கல்யாணம் நின்றது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் தனியே உட்கார வைத்தார்கள். தண்ணீர் சுமந்து வந்தவளும் அவளே, தள்ளி வைக்கப்பட்டவளும் அவளே!

"தெரியாமல் நடந்துவிட்டது, யார் மேலும் குற்றமில்லை" என்பது அதிகாரிகளும் வெளிநாட்டு நிபுணர்களும் கட்டும் வாதம். இதை நாம் ஏற்க முடியாது. தைவானின் தென்மேற்குக் கரையில் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கால் விரல்கள் கறுத்து அழுகி விழுந்தன. கருங்கால் நோய் என்றே அதற்குப் பெயர். அங்கே 40,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து, தண்ணீரில் ஆர்செனிக் கூடக் கூடத் தோல் புற்றுநோய் கூடுகிறது என்பதை 1968-லேயே பிரசுரித்துவிட்டார்கள். தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அன்டோபகஸ்டா துறைமுகத்துக்கு 1958-ல் ஒரு ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்செனிக்! நோய் கண்டு, 1970-ல் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். பிறகும் பல பத்து வருஷங்கள் அந்த ஊரில் நுரையீரல், மூத்திரப் பைப் புற்றுநோய்ச் சாவுகள் ஓயவில்லை. ஆகவே, தண்ணீரில் ஆர்செனிக் இருக்கலாம், இருந்தால் கொல்லும் என்பது வங்காளத்தில் லட்சக்கணக்கில் குழாய் இறக்கிய காலத்தில் புஸ்தகத்தில் ஏறிவிட்ட விஷயம்.

எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கதை இன்னும் தெளிவானது. 1983-ல் கல்கத்தா வெப்பப் பிரதேச மருத்துவக் கல்லூரியில் தோல் நோய் நிபுணர் டாக்டர் கே. சி. சாஹா, 24 பர்கானாவிலிருந்து வந்த விவசாயிகளின் கையையும் மார்பையும் பார்த்து இது ஆர்செனிக் விஷம் என்று அடையாளம் கண்டார். 1988 முதல் ஜாதவ்பூர் சர்வகலாசாலையின் தீபாங்கர் சக்கரவர்த்தி தமது சகாக்களுடன் கிராமம் கிராமமாக அலைந்து, தண்ணீர், தலைமயிர், நகம் எல்லாம் சேகரித்துச் சோதித்தார். 2018-ல் காலமாகும் வரை அவர் இந்த வேலையை விடவில்லை. ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம், பீதி கிளப்புகிறவர்! அப்போது மேற்கு வங்கத்தில் ஆண்டது இடதுசாரி முன்னணிச் சர்க்கார். அதை நாம் மறைக்கப் போவதில்லை. அந்தச் சர்க்கார் நிலச் சீர்திருத்தத்தில் காட்டிய வேகத்தைக் குடிநீரில் காட்டவில்லை என்று விஞ்ஞானிகள் குறை சொன்னார்கள். சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. எந்தக் கொடியின் சர்க்காரானாலும் பம்படியில் நிற்கிறவளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இனி, வெள்ளைக்கார நிபுணர்கள் விஷயத்துக்கு வருவோம். 1992-ல் பிரிட்டிஷ் பூகர்ப்ப ஆராய்ச்சி ஸ்தாபனம் வங்கதேசத்தில் குழாய்க் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்தது. பிரிட்டிஷ் சர்க்காரின் உதவிப் பணத்தில் நடந்த வேலை. என்னென்னவோ பொருள்களுக்குச் சோதித்தார்கள். ஆர்செனிக்குக்கு மட்டும் சோதிக்கவில்லை! கல்கத்தாவில் டாக்டர் சாஹா கண்டுபிடித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. விஷம் ஏறிய கிராமவாசி ஒருவர் லண்டன் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருக்குப் பின்னால் அவரைப் போலவே நூற்றுக்கணக்கானோர் காத்திருந்தார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. 2006-ல் பிரபுக்கள் தீர்ப்புச் சொன்னார்கள்: அறிக்கை எழுதியவர்களுக்கு அந்தத் தண்ணீரின் மேல் எந்த அதிகாரமும் இல்லை; ஆகவே, குடித்தவர்களுக்கு அவர்கள் எந்தக் கடமையும் படவில்லை; வழக்கு விசாரணைக்கே தகுதியற்றது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். சட்டம் யார் எழுதியது என்பதுதான் கேள்வி. நிபுணன் வருகிறான், சம்பளம் வாங்குகிறான், அறிக்கை எழுதுகிறான், போகிறான். அறிக்கையை நம்பித் தண்ணீர் குடித்தவன் அவனுக்கு அந்நியன். ஒரு மேஸ்திரி கட்டிய சுவர் இடிந்தால் மேஸ்திரியைப் பிடிக்கிறார்களே!

1993-ல் மால்டாவை ஒட்டிய சாப்பாய் நவாப்கஞ்ச் ஜில்லாவில் வங்கதேசத்துச் சர்க்கார் இலாகாவே ஆர்செனிக்கைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு தெரியாது என்ற சாக்கு செத்துப்போயிற்று. ஆனால் நாடு தழுவிய வேலை ஆரம்பிக்கப் பல வருஷங்கள் பிடித்தன. 1998-ல் உலக வங்கி சுமார் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. தானமாக அல்ல, கடனாக! குடித்த விஷத்தை அளந்து பார்க்கவும் ஏழை நாடு கடன் பட வேண்டியதாயிற்று.

1998-99ல் நடந்த நாடு தழுவிய சர்வேயில் ஆழமில்லாத கிணறுகளில் நூற்றுக்கு 27-ல் 50 மைக்ரோகிராமுக்கு மேலும், நூற்றுக்கு 46-ல் 10 மைக்ரோகிராமுக்கு மேலும் ஆர்செனிக் இருந்தது. பிறகு பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சோதித்து, நல்ல கிணற்றுக்குப் பச்சை, கெட்ட கிணற்றுக்குச் சிவப்பு. 50 லட்சம் கிணறுகளுக்கு அருகில் சோதித்தார்கள். சுமார் 14 லட்சம் கிணறுகளுக்குச் சிவப்பு பூசினார்கள். இது நல்ல வேலை. நாம் பாராட்டுகிறோம். தெரிந்ததால் பலர் பச்சைக் கிணற்றுக்கு மாறினார்கள். அப்படி மாறித் தப்பித்தவர்கள்தான் மற்ற எல்லா வழியிலும் தப்பித்தவர்களை விட அதிகம்.

ஆனால் சிவப்பு பூசியவன் அடுத்த கிணறு எங்கே என்று சொல்லிவிட்டுப் போனானா? பச்சைக் கிணறு இன்னொருவன் வீட்டு முற்றத்தில் இருக்கும். அவன் நிலக்காரனாக இருப்பான். அவன் வாசலில் தினமும் இரண்டு முறை குடத்தோடு போய் நிற்க வேண்டும். முகம் சுளித்தால் பொறுக்க வேண்டும். பதிலுக்குக் களத்தில் கூலியில்லாமல் ஒத்தாசை செய்ய வேண்டும். அதற்குப் பயந்து சிவப்புக் குழாயிலேயே அடித்துக் குடித்தவர்கள் எத்தனை பேர்! சில வருஷங்களில் பெயிண்டும் உதிர்ந்தது. அதற்குப் பிறகு போட்ட புதுக் கிணறுகளைச் சோதிப்பார் இல்லை.

பலன் என்ன? வங்கதேசத்தில் அரைஹஜார் என்ற பிரதேசத்தில் சுமார் 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010-ல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. அவர்களிடையே நிகழ்ந்த சாவுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஆர்செனிக் தண்ணீரே காரணம் என்று அது கணக்கிட்டது. நாடு முழுவதற்கும் வருஷத்துக்குச் சுமார் 43,000 சாவுகள் என்று 2012-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் கணித்தார்கள். 2009-ம் வருஷத்து நிலவரப்படி சுமார் 2 கோடிப் பேர் 50 மைக்ரோகிராமைத் தாண்டிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்துப் பதினாறு வருஷம் கழித்து!

ஏன் இந்த மந்தம்? 2016-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற நியூயார்க் ஸ்தாபனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. அவர்கள் நம் பாசறையைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனாலும் அவர்கள் கண்டதை நாம் ஆண்டாண்டாகச் சொல்லி வருகிறோம். சர்க்கார் செலவில் போடும் புதுக் கிணறுகளில் பாதியை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் உரிமை பாராளுமன்ற அங்கத்தினர்களிடம் இருந்தது. அவர்கள் கட்சிக்காரனுக்கும் உறவுக்காரனுக்கும் கொடுத்தார்கள். ஐந்நூறு அடி, எழுநூறு அடி ஆழக் கிணறு, நூறு குடும்பங்களைக் காக்க வேண்டிய கிணறு, ஒரு பெரிய மனிதரின் மதில் சுவருக்குள்ளே! விஷமே இல்லாத இடங்களிலும் போட்டார்கள். ஓட்டு வாங்கும் இடமும் விஷம் இருக்கும் இடமும் வேறு வேறாயிருந்தால் கிணறு ஓட்டின் பக்கம்தான் போகும்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. மில் தொழிலாளர்கள் கேட்டால் சந்தோஷப்படும் சேதி ஒன்று. குஷ்டியா ஜில்லாவில் பிறந்து அமெரிக்காவில் ரசாயனப் பேராசிரியராக இருக்கும் அபுல் ஹுசாம் என்பவர் தம் சகோதரர்களுடன் சேர்ந்து ஒரு வடிகட்டியைச் செய்தார். சோனோ வடிகட்டி என்று பெயர். இரண்டு வாளி, மணல், கரி, செங்கல் ஜல்லி, நடுவில் வார்ப்பிரும்புச் சுருள். லேத்தில் கடைசல் பிடிக்கும்போது காலடியில் உதிர்ந்து கிடக்குமே, பெருக்கித் தள்ளுகிறோமே, அதேதான்! ஆர்செனிக் அந்த இரும்புத் துருவில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணுக்குள்ளே எந்தத் துருவிலிருந்து கழன்று வந்ததோ, அதே துருவால் அதைத் திரும்பப் பிடிக்கிறார்கள். மின்சாரம் வேண்டாம். இதற்கு 2007-ல் அமெரிக்காவில் பத்து லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. அவர் அதில் பெரும் பகுதியை வடிகட்டிகள் வழங்கவே ஒதுக்கினார்.

கம்பெனிகள் விற்ற பெரிய பெரிய யந்திரங்களின் கதை வேறு. மேற்கு வங்கத்தில் பொதுப் பணத்தில் நிறைய நிறுவினார்கள். ஜாதவ்பூர் விஞ்ஞானிகள் போய்ப் பார்த்தபோது பெரும்பாலானவை பயனற்றுக் கிடந்தன. சுத்தம் செய்வார் இல்லை, பழுது பார்ப்பார் இல்லை. விற்ற கம்பெனி பில்லை வாங்கிக்கொண்டு போயிற்று.

நம் நாட்டில் விஷம் வங்காளத்தோடு நிற்கவில்லை. 2002-ல் பீகார் போஜ்பூர் ஜில்லாவில் செம்ரியா ஓஜா பட்டி கிராமத்தில் கண்டார்கள். பிறகு உத்தரப் பிரதேசத்தின் பாலியாவில், அஸ்ஸாமில். கங்கைச் சமவெளி நெடுகிலும் இருக்கிறது. கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் 2024-க்குள் குழாய்த் தண்ணீர் தருவோம் என்று 2019-ல் டெல்லிச் சர்க்கார் முழங்கியது. 2025 பட்ஜெட்டில் கெடுவை 2028-க்குத் தள்ளிவிட்டது. மந்திரிக்குக் கெடு தள்ளலாம். உடம்பில் ஏறும் விஷத்துக்குக் கெடு கிடையாது.

இயற்கையின் மேல் பழியைப் போட்டு முதலாளிகள் தப்பித்துக்கொள்ளவும் விடக்கூடாது. கல்கத்தாவின் பெஹாலாவில் பாரிஸ் பச்சை என்ற ஆர்செனிக் பூச்சி மருந்தைத் தயாரித்த ஒரு தொழிற்சாலை, கழிவைப் பல வருஷங்கள் தன் பக்கத்து நிலத்திலேயே கொட்டிற்று. அது மண்ணில் இறங்கி, சுற்றிலும் குடியிருந்தவர்களின் அடிபம்பில் வந்தது. 1980-ம் வருஷங்களின் இறுதியில்தான் வெளிப்பட்டது. அங்கே இமயமலை குற்றவாளி அல்ல.

இனி, முதலில் நிறுத்தி வைத்த கேள்விக்கு வருகிறோம். நமக்கு என்ன?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வங்காளத்து வண்டல் இல்லை. ஆனால் சோதிக்காமல் குடிக்கக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு குழந்தைகளின் பல்லைக் கறையாக்கியது, பெரியவர்களின் எலும்பை வளைத்தது. தலைமுறைகள் கழிந்த பிறகுதான், 2013-ல், ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. உங்கள் மில் குடியிருப்பிலும், சேரியிலும், காலனியிலும் குடிக்கும் போர் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஜில்லாக்களில் சோதனைச் சாலைகள் இருக்கின்றன. சங்கக் கிளைகள் ஒவ்வொன்றும் தண்ணீர் மாதிரியை எடுத்துப் போய்ச் சோதிக்கச் செய்யட்டும். வரும் முடிவைத் தமிழில், கொட்டை எழுத்தில், அந்தக் குழாயடியிலேயே எழுதி ஒட்டச் சொல்லி ஊராட்சியையும் மில் நிர்வாகத்தையும் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் நம் பக்கத்திலேயே நிற்கிறது. திருப்பூரிலும் கோவையிலும் இன்று நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும், நாற்று நடவிலும் கூட, மால்டாவிலிருந்தும் முர்ஷிதாபாத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று அவர்களைத் தூற்றுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சு யாருக்கு லாபம் என்பதை முன்பே பல தடவை எழுதியிருக்கிறோம். அவர்களில் யாருக்கேனும் உள்ளங்கையில் ஆணி ஆணியாகத் தடிப்பும் மார்பில் மழைத்துளிப் புள்ளியும் இருந்தால், தொழுநோய் என்று தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்காதீர்கள். தொட்டால் ஒட்டாது. விடுதியை விட்டு விரட்டப் பார்க்கும் மேனேஜரிடம் இதைச் சொல்லுங்கள். சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அவரை அழைத்துப் போங்கள். பாஷை தெரியாததால் அவர் தனியே போகத் தயங்குவார். எந்த ஜில்லாக்காரர் என்பதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். நம் ஊர் டாக்டர்கள் பலர் இந்த நோயைப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே வந்து தண்ணீர் மாறிவிட்டதே அவருக்குப் பாதி வைத்தியம். தண்ணீர் மாறி, உடம்பில் ஆர்செனிக் இறங்கியவர்களுக்குச் சாவின் அபாயமும் இறங்குகிறது என்று அரைஹஜாரில் தொடர்ந்து நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

அதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் அவருடைய மனைவியும் குழந்தைகளும் இன்னும் அதே பம்பில்தான் அடித்துக் குடிக்கிறார்களா? அந்தக் கிணற்றை யாராவது சோதித்திருக்கிறார்களா? இல்லையென்றால், இன்று சாயங்காலமே அவரைப் போன் போடச் சொல்லுங்கள்.